பால் கவர், எம்-சாண்ட், ஒரு ஜாக்கி: பிளாஸ்டிக் பேவர் கல் வார்த்த பதிவு

பால் கவரையும் எம்-சாண்டையும் (கருங்கல்லை உடைத்து எடுக்கும் மணல்) சேர்த்து வார்த்த பேவர் கற்கள் ஒரு சதுர மீட்டருக்குப் பதித்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்தாயிற்று. ஒரு கல்கூட உடையவில்லை, பெயரவில்லை. செய்முறை கைக்குப் பிடிபட்டுவிட்டது. அளவுகளையும், எங்கெங்கே தப்பாகப் போகும் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கலாம். வீடியோக்களில் பெரும்பாலும் "பிளாஸ்டிக்கை உருக்கு, மணலைக் கொட்டு, அச்சில் அமுக்கு" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிசையில் செய்தால் நல்ல கல் வராது.

கல்லின் அளவு கடையில் விற்கும் செவ்வகப் பேவரின் அளவேதான்: 200 × 100 × 60 மி.மீ. சதுர மீட்டருக்கு 50 கல் பிடிக்கும். ஒரு கல்லுக்கு 525 கிராம் பிளாஸ்டிக், 1,575 கிராம் மணல், ஆக 2.1 கிலோ. இதே அளவு சிமெண்ட் பேவர் 2.8 கிலோ சுமாருக்கு இருக்கும். அரை லிட்டர் பால் கவர் கழுவிக் காய்ந்தபின் 3 கிராம்தான் நிற்கிறது. அப்படியானால் ஒரு கல்லுக்கு 175 கவர். ஒரு சதுர மீட்டருக்கு 26 கிலோவுக்கு மேல். வீட்டில் சேரும் கவரை நம்பி இதில் இறங்கவே முடியாது. தினம் 40 லிட்டர் பால் வாங்கும் டீக்கடையில் 80 கவர் விழும், அதாவது 240 கிராம். ஒரு கடையைப் பிடித்தால் இரண்டு நாளைக்கு மேல் ஆகும் ஒரு கல்லுக்கு. மீதியைக் காயலான் கடையில் கிலோ 20 ரூபாய்க்கு எடுக்க வேண்டியிருந்தது.

பால் கவரையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது பால், தயிர், எண்ணெய்க் கவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதனால் ஒரே வகைப் பிளாஸ்டிக் தினந்தோறும் ஊருக்கு ஊர் கிடைக்கிறது. பால் கவர் பாலித்தீன். 105 முதல் 125 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். பிஸ்கட் கவர், புடவைக் கவர், கையில் கசக்கினால் மொறமொறவென்று சத்தம் போடும் கவர் எல்லாம் பாலிபுரொப்பிலீன். அதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டும் கலந்தால் கல்லை அறுத்துப் பார்க்கும்போது வெள்ளை வெள்ளையாய் உருகாத துணுக்குகள் தெரியும். கல் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். சிப்ஸ் பாக்கெட்டில் அலுமினியப் பூச்சு, ஒன்றுக்கு மேல் அடுக்கு. அது வேண்டவே வேண்டாம்.

காயலான் கடை மூட்டையை அப்படியே நம்பக் கூடாது. சந்தேகமான துண்டைக் கத்தரித்து வாளித் தண்ணீரில் போட்டால் பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். பெட் பாட்டில் (தண்ணீர், குளிர்பானம் வரும் பாட்டில்) துண்டும் பி.வி.சி.யும் மூழ்கும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். ஆகவே தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துண்டை விரலால் அமுக்கி விட வேண்டும். பி.வி.சி. ஒரு துண்டுகூடச் சட்டிக்குள் போகக் கூடாது. சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்த்துவிடும்.

கழுவுவதுதான் அதிக நேரம் தின்னும் வேலை. கவரை மூன்று பக்கமும் வெட்டி விரித்தால்தான் உள்ளே இருக்கும் கொழுப்புப் போகும். மடிப்பில் பால் ஒட்டியிருந்தால் 180 டிகிரியில் அது கருகி, சட்டி முழுக்கப் புகையும் நாற்றமும் ஆகிவிடும். அலசியதைக் கொடியில் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, முப்பது கவராக அடுக்கி அரிவாள்மனையில் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்குவது சரிப்பட்டது. முழுக் கவராகப் போட்டால் சூட்டில் சுருண்டு பந்தாகி, உள்பக்கம் உருகாமலே நிற்கும். டீக்கடைக்காரரிடம் ஒன்று சொல்லிவைத்தால் நல்லது: கவரின் மூலையை முழுதாக வெட்டி எறியாமல், ஓரத்தில் ஒட்டியபடியே விடச் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன மூலைகள்தான் சாக்கடையில் போய்ச் சேர்பவை.

மணலைப் பொறுத்தவரை எம்-சாண்டைப் பூச்சு வேலைக்குச் சலிக்கும் சல்லடையில் சலித்து, 3 மி.மீ.க்கு மேற்பட்ட கப்பியை ஒதுக்கினால் போதும். தூசி அதிகமாக இருந்தால் கழுவிக் காயவைக்க வேண்டும். தூசி பிளாஸ்டிக்கைக் குடித்துவிட்டுக் கலவையை உலர்த்திவிடும். ஈரம்தான் பெரிய எதிரி. கடையிலிருந்து வரும் எம்-சாண்டில் கையில் தெரியாத அளவுக்கு ஈரம் இருக்கும். அது உருகிய பிளாஸ்டிக்குக்குள் போனதும் ஆவியாகி வெளியே வர வழி தேடும். அப்படி வார்த்த கல் வெளியே பார்க்க வழவழவென்று இருந்தது; ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்ததில் உள்ளே மிளகு அளவு ஓட்டைகள்.

இனி வரிசைக்கு வருவோம். பிளாஸ்டிக்கை முதலில் உருக்கி அதில் மணலைக் கொட்டும் முறையில் இரண்டு கோளாறு. குளிர்ந்த மணல் பட்டதுமே உருகியது இறுகிக் கட்டிகட்டியாகும். எவ்வளவு கிளறினாலும் மணல் தனியாக, பிளாஸ்டிக் தனியாக வரிவரியாய் நிற்கும். இரண்டாவது, மணல் சேரும்வரை பிளாஸ்டிக் நேராகச் சட்டியின் அடியில் கிடக்கிறது. அடி 300 டிகிரியைத் தொட்டுவிட்டால் புகைந்து, பற்றிக்கொள்ளவும் செய்யும்.

இதற்கு விடை மதுரையில் ஏற்கெனவே இருந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் சாலைக்கு வகுத்த முறையில், ஜல்லியை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அதன்மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவுவார்கள். பிளாஸ்டிக் கல்லைச் சுற்றிப் பூச்சாகப் படிந்த பிறகுதான் தார் சேரும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். தாரை விட்டுவிட்டு அதே வரிசையை எடுத்துக்கொண்டால் போதும்: முதலில் மணல் சூடாக வேண்டும், பிளாஸ்டிக் அதன்மேல் விழ வேண்டும். மணல் வறுபடும்போதே ஈரமும் போய்விடுகிறது. ஒரே மாற்றத்தில் மூன்று கோளாறு தீர்ந்தது.

நாலு கல்லுக்கு ஒரு தொகுதி என்று கணக்கு. மணல் 6.3 கிலோ, பிளாஸ்டிக் 2.1 கிலோ. கல்யாணச் சமையலுக்கு வாடகைக்கு விடும் கனத்த இரும்பு வாணலி, பழசாக வாங்கியது. ஓட்டல் கேஸ் அடுப்பு. நீளப் பிடி வைத்த மண்வெட்டி. துப்பாக்கி மாதிரிப் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. வெப்பமானி மேற்பரப்பை மட்டும்தான் காட்டும், ஆகவே கிளறிவிட்டு உடனே அளக்க வேண்டும். மணல் 200 டிகிரியைத் தொட்டதும் தீயைச் சிம்மில் வைத்து, பிளாஸ்டிக்கை நாலு பங்காக்கி, அரைக் கிலோ சொச்சமாக ஒவ்வொன்றாய்த் தூவ வேண்டும். ஒரு பங்கு விழுந்ததும் சூடு 30 டிகிரி அளவுக்கு இறங்கும். 180-க்கு ஏறும்வரை கிளறி, பிறகு அடுத்த பங்கு. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் 120-க்குக் கீழே இறங்கி, மொத்தமும் கட்டிவிடும். அதைத் திரும்ப இளக்க அரை மணி நேரம் போகும். உலர்ந்த மணல் கண்ணில் படாமல், கலவை மினுமினுப்பாகி, களி கிண்டும்போது வருவதுபோல் சட்டியை விட்டுத் திரண்டு வந்தால் பதம் சரி.

200 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. மெல்லிய வெள்ளை ஆவி வந்தால் பரவாயில்லை. நீலமும் சாம்பலுமாய்ப் புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது, அடுப்பை அணைத்துவிட வேண்டும். வேலை திறந்த வெளியில்தான், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி. வாணலியை முழுதும் மூடும் இரும்புத் தட்டும் ஒரு வாளி உலர்ந்த மணலும் கை எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். தீப்பிடித்தால் மூடியால் மூடுவதுதான் வழி. தண்ணீர் ஊற்றினால் உருகியது நாலாபுறமும் தெறிக்கும். வெல்டிங்காரர் போடும் தோல் கையுறை, பருத்தித் துணி, மூடிய காலணி. பாலியஸ்டர் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தாலும் துணியும் சேர்ந்து உருகித் தோலில் ஒட்டும். தோலில் பட்டுவிட்டால் பிய்த்து எடுக்கவே கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகள் இருக்கும் முற்றத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

அச்சு வெல்டிங் பட்டறையில் 6 மி.மீ. தகட்டில் செய்தது. அடி இல்லாத சட்டம், கீழே தனித் தகடு, மேலே உள்ளே இறங்கும் மூடித் தகடு. சட்டத்தின் உயரம் 75 மி.மீ. இருக்க வேண்டும், கொட்டிய கலவை அமுங்கித்தான் 60 ஆகிறது. மூடிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி சுற்றிலும் 1 மி.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். அது 2 மி.மீ. ஆனால் பிளாஸ்டிக் பிதுங்கி மேலே ஏறி மூடியைக் கவ்விக்கொள்ளும். உள்பக்கம் அடியைவிட மேற்புறம் ஒரு மி.மீ. குறுகலாக இருந்தால் கல் கீழ்ப்பக்கமாகத் தட்டியதும் விழுந்துவிடும். ஒரு அச்சுக்கு 900 ரூபாய். நாலு அச்சு 3,600. ஒட்டாமலிருக்கப் பழைய என்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும். வழிய விட்டால் கல்லின் முகத்தில் கறை இறங்கும். அச்சையும் அடுப்போரம் வைத்துக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். குளிர்ந்த இரும்பில் கொட்டினால் விளிம்பு உடனே இறுகி, மூலைகளில் சொரசொரப்பும் பொத்தலும் நிற்கும்.

கலவையைக் கண்ணளவில் அள்ளக் கூடாது. அச்சைத் தராசில் வைத்து, ஒவ்வொன்றிலும் 2,100 கிராம் எடை போட்டே நிரப்ப வேண்டும். நாலு அச்சும் ஒரே அழுத்துபலகைக்குக் கீழே நிற்பதால், ஒன்றில் 100 கிராம் குறைந்தாலும் அந்தக் கல்லுக்கு அழுத்தமே போய்ச் சேராது.

இந்த வேலையில் அதிகம் சோதித்த இடம் குளிர்விப்பு. அச்சில் நிரப்பி, மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்தி ஆறவிட்ட கல் நடுவில் ஏறக்குறைய 5 மி.மீ. குழிந்தது, ஓரங்கள் மேலே தூக்கின. உருகிய பாலித்தீன் ஆறும்போது கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். கல்லின் கன அளவில் பாதி பிளாஸ்டிக்தான். வெளித்தோல் முதலில் இறுகிவிடுவதால் சுருக்கம் முழுவதும் நடுவில் இறங்குகிறது. பெரிய கல்லைத் தூக்கி மேலே வைத்ததில் குழி பாதியாகக் குறைந்தது, போகவில்லை. சி-சேனலில் (C வடிவ இரும்புச் சட்டம்) ஒரு சட்டம் வெல்டு செய்து, லாரிக்குப் போடும் 5 டன் ஜாக்கியை அதில் பொருத்தியபிறகுதான் முகம் தட்டையாக வந்தது. சட்டமும் பழைய ஜாக்கியுமாக 3,500 ரூபாய். ஜாக்கியை ஒருமுறை ஏற்றிவிட்டு விட்டுவிட முடியாது. கல் சுருங்கச் சுருங்க அழுத்தம் தளரும். முதல் கால் மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கைப்பிடியை ஒரு அடி போட வேண்டும்.

தண்ணீரில் முக்கிச் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்ற யோசனை பலிக்கவில்லை. பத்து நிமிடத்தில் வெளியே கைபொறுக்கும் சூடு வந்துவிடுகிறது, உள்ளே இன்னும் இளகித்தான் இருக்கிறது. அப்போது எடுத்த கல் தரையில் கிடந்தபடியே வளைந்துபோனது. 60 மி.மீ. கனத்துக்கு ஜாக்கியின் கீழே 45 நிமிடம், மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டே. இதைக் குறைக்க வழி கிடையாது. அதனால் உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிப்பது அடுப்பு அல்ல, அச்சுகளின் எண்ணிக்கை.

விகிதத்தையும் மாற்றிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். எடையில் பிளாஸ்டிக்கும் மணலும் 1:2 என்றால் வார்க்க மிகச் சுலபம், முகம் பளபளக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அதன்மேல் மொபெட்டை இரட்டை ஸ்டாண்டில் நிறுத்தினால் மாலைக்குள் ஸ்டாண்டின் கால் பதிந்த குழி தெரியும். 1:4-இல் மணலின் இடுக்குகளை நிரப்பவே பிளாஸ்டிக் பத்தும் பத்தாததுமாக இருக்கிறது. விளிம்பு நகத்தால் சுரண்டினாலே உதிரும். 1:3 நடுவில் நிற்கிறது. அதிலும் வண்டி நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் சின்னத் தடம் விழத்தான் செய்கிறது. பாலித்தீன் தொடர்ந்த பாரத்துக்கு மெதுவாக இளகிக் கொடுக்கும் பொருள். ஆகவே இந்தக் கல்லைச் சுவருக்கோ தூணுக்கோ எடுக்கக் கூடாது. எரியக்கூடிய பொருள் என்பதால் வீட்டுக்குள்ளும் அடுப்பங்கரைப் பக்கமும் அறவே கூடாது.

வெயிலுக்கு ஒரு முன்னேற்பாடு செய்தாக வேண்டும். பாலித்தீன் புற ஊதாக் கதிரில் மெல்ல நொறுங்கிப் பொடியாகும்; அந்தப் பொடி மண்ணில்தான் கலக்கும். கறுப்பு பாலித்தீன் தண்ணீர்க் குழாய்களில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலாகக் கரிப்பொடி சேர்ப்பது இதைத் தடுக்கத்தான். அதே கணக்கில் ஒரு தொகுதிக்கு 42 கிராம் கார்பன் பிளாக்கைச் சூடான மணலில் முதலிலேயே கலந்தாயிற்று. பலன் உண்டு, விலையும் உண்டு: கறுப்புக் கல் மற்றதைவிடச் சீக்கிரம் சூடேறும். அதனால் பதித்த இடம் வேப்பமர நிழல் விழும் நடைபாதை. டயர் உருளும் இடத்தில் போட்டால் தேய்மானமும் கூடும். அங்கே சிமெண்ட் பேவர்தான் சரி. கல்லை அறுக்கவும் கிரைண்டர் வேண்டாம், தூள் காற்றில் பறந்துவிடும். சாக்கை விரித்து அதன்மேல் ஆக்சா பிளேடு போட்டால் தூளை வாரி அடுத்த தொகுதியில் சேர்த்துவிடலாம்.

சோதனைகள் எளியவை. நெஞ்சு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டால் கல் உடையக் கூடாது. நல்ல கல்லுக்கு மூலை மட்டும் நசுங்கும். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடை பார்த்ததில் 2,100 கிராம் கல் 12 கிராம்தான் கூடியது, ஒரு சதவீதம்கூட இல்லை. சிமெண்ட் பேவருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15658 சராசரியாக 6 சதவீதம் வரை அனுமதிக்கிறது. தொகுதிக்கு ஒரு கல்லைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதை விடவே கூடாது. உள்ளே ஓட்டையோ வரியோ இருந்தால் அந்த நாலையும் உடைத்துத் திரும்ப உருக்கிவிடலாம்.

பதிப்பதில் சிமெண்ட் கலவையை மறந்துவிட வேண்டும். பாலித்தீனில் சிமெண்ட் ஒட்டாது. தவிர, வெயிலுக்கும் இரவுக்கும் இடையே 200 மி.மீ. கல் அரை மி.மீ. அளவுக்கு நீண்டு சுருங்கும்; கலவை இட்ட இணைப்புகள் சில வாரத்திலேயே கழன்றன. தரையைத் திமிசு போட்டு இறுக்கி, 40 மி.மீ. மணல் படுக்கை, மட்டக்கோலால் வழித்து, கல்லுக்குக் கல் 3 மி.மீ. விட்டுப் பதித்து, இடுக்கில் உலர்ந்த பொடி மணலைப் பெருக்கித் தள்ள வேண்டும். அப்படிப் பதித்தால் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள ஓரக்கட்டு தேவைப்படும்.

அந்த ஓரக்கட்டுக்குத்தான் சட்டிக்குள் போக முடியாத பெட் பாட்டில்கள் பயன்பட்டன. பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், பாலித்தீனோடு சேரவும் சேராது; அதை உருக்காமல் அப்படியே பயன்படுத்துவதே புத்தி. ஹோண்டுராஸில் ஆந்த்ரேயாஸ் ஃப்ரோசே என்ற ஜெர்மானியர் மண் நிரப்பிய பாட்டில்களைக் கொண்டு வீடுகளும் தொட்டிகளும் கட்டிக் காட்டிய முறை அது. ஒரு லிட்டர் பாட்டிலில் கிரஷர் தூசியைப் புனல் வழியே விட்டு, மூன்று தடவையாகத் தரையில் தட்டி, கம்பியால் குத்தி நிரப்பினால் 1.6 கிலோ வரும். அமுக்கினால் விரல் பதியக் கூடாது. படுக்கை வசத்தில், கழுத்து ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, கழுத்துகளை நைலான் கயிற்றால் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிய பிறகே சிமெண்ட் கலவை. பாட்டிலிலும் கலவை ஒட்டாது. பிடிப்பு முழுதும் அந்தக் கயிற்று வலையிலும் இடுக்கில் இறங்கும் கலவையிலும்தான் இருக்கிறது. 1:6 கலவை எதிர்பார்த்ததைவிட அதிகம் இழுத்தது, உருண்டைகளுக்கு இடையே அவ்வளவு சந்து. மேலே ஒரு அங்குலம் பூசி மூடிவிட வேண்டும்; வெயில் பட்டால் பாட்டில் வெடிப்பு விடும்.

செலவைப் பார்த்தால், கல் ஒன்றுக்குப் பிளாஸ்டிக் 10 ரூபாய் 50 காசு, மணல் 2 ரூபாய்க்குச் சற்று மேல், கேஸ் 6, கரிப்பொடியும் ஆயிலும் ஒரு ரூபாய். ஆக ஏறக்குறைய 20 ரூபாய். கூலி இதில் இல்லை. 60 மி.மீ. சிமெண்ட் பேவர் சதுர அடி 45 ரூபாய்க்கு வருகிறது, கல்லுக்கு 10 ரூபாய் கணக்கு. கவரை விலைக்கு வாங்கினால் இது சிமெண்டைவிட இரட்டிப்பு விலை. சும்மா கிடைத்தால் ஏறக்குறைய சமம். பணம் மிச்சமாகும் என்று எண்ணி யாரும் இறங்க வேண்டாம். 26 கிலோ கவர் எரியாமல், மாட்டின் வயிற்றுக்குப் போகாமல், காலடியில் பயன்படும் பொருளாக நிற்கிறது என்பதற்காகச் செய்யலாம், அதற்கு இந்த உழைப்புத் தகும்.

அடுத்த முறை கனத்தை 40 மி.மீ. ஆக்க வேண்டும். நடப்பதற்கு மட்டும் உள்ள பாதைக்கு அதுவே தாராளம்; கல்லுக்கு 350 கிராம் பிளாஸ்டிக் போதும், சதுர மீட்டருக்கு 17.5 கிலோ. குளிரும் நேரமும் இருபது நிமிடத்துக்கு இறங்கும், அதே நாலு அச்சில் இரட்டிப்புக் கல் எடுக்கலாம். மழையில் இந்தக் கற்கள் வழுக்குகின்றன என்பதற்கும் வழி செய்ய வேண்டும். மணலை மேலே தூவி அமுக்கியதில் அது சில வாரத்தில் உதிர்ந்துவிட்டது. பேருந்துப் படிக்கட்டில் போடும் செக்கர்டு பிளேட்டை அச்சின் அடித்தகடாக வைத்து, கல்லைக் கவிழ்த்துப் பதித்தால் மேல்முகத்தில் வரிகள் நிரந்தரமாக விழும். பட்டறையில் அதற்கு 20 × 10 செ.மீ.யைவிட ஒரு அங்குலம் கூடுதலாக நாலு துண்டு வெட்டச் சொல்லியிருக்கிறது.